கண்ணாடியில் குங்குமம்

நாராயணம்மா அக்கா பயப்படாத பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை. இடிக்குப் பயம், காஸ் சிலிண்டருக்குப் பயம், ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும் ஓசூர்ப் பேருந்துகளுக்குப் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். சுவரில் பல்லி ஓடினால் அடுத்த வீட்டில் இருக்கும் எங்களுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். இப்படிப்பட்டவர் யானை பிடிக்கும் குழுவில் வேலை செய்கிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. முதலில் நானும் நம்பவில்லை.

நான் ஐந்து வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பாகலூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பி வந்தபோது அக்கா காக்கிச் சட்டை போட்டிருந்தார். எனக்கோ வீடு தங்கவில்லை. காலையில் கண் விழித்தால் எங்கேயாவது கிளம்ப வேண்டும் போலிருக்கும். ஆகவே பேருந்துக்குப் பயப்படும் அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் வனத்துறை முகாமில் விடுவது என் வேலையாயிற்று.

"மெதுவா போ பாப்பா. லாரிக்குப் பின்னால போவாத. லாரிக்கு முன்னாலயும் போவாத."

"அப்ப எங்கதான்க்கா போறது?"

"ஓரமா போ. ஆனா ஓரத்துல பள்ளம் இருக்கும், பாத்துக்கோ."

அதற்கு முன்பு அக்கா ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய ஆலையில் இருந்தார். நிலம் அளக்கும் கருவிகளுக்கான கண்ணாடி வில்லைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. விரல் படக் கூடாது, வாயால் ஊதக் கூடாது, துணியை அழுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவருக்கு அந்த வேலை பொருந்திப் போனது. பிறகு ஆலை வேறு மாநிலத்துக்கு இடம் மாறியது. அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், வனத்துறையில் தற்காலிகக் காவலராக இருக்கும் அவர் தம்பி மாதேஷ் ஒரு நாள் வந்து சொன்னான்: "எங்ககிட்ட ஒரு டப்பா இருக்குதுக்கா. அத ஒழுங்கா பாத்துக்க ஆள் வேணும்னு டாக்டர் தேடிகினு இருக்காரு."

அந்த டப்பாவுக்குள் இருந்தது மயக்க ஊசித் துப்பாக்கி. தோட்டாவுக்குப் பதில் மருந்து நிரப்பிய ஊசியைக் காற்றழுத்தத்தால் எறிகிற துப்பாக்கி. அதன் முதுகில் ஒரு சாண் நீளக் குழல்; ஸ்கோப் என்பார்கள். அதன் வழியாகப் பார்த்தால் தூரத்து யானையின் தோல் மடிப்பு கைக்கெட்டும் இடத்தில் தெரியும். மடிப்பில் பட்டால் ஊசி வழுக்கிவிடும், எலும்பில் பட்டால் வளைந்துவிடும், சதையில் இறங்கினால்தான் மருந்து ஏறும். பாதி மருந்து ஏறிய யானை, மருந்தே ஏறாத யானையைவிடப் பொல்லாதது. எல்லாம் அந்தக் குழலின் இரண்டு முனைக் கண்ணாடிகளில் இருந்தது.

அக்கா அந்தக் கண்ணாடிகளைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். இரண்டு முனைக்கும் ரப்பர் மூடி. மூடிக்கு மேல் குழல் முழுவதற்கும் அவரே தைத்த உறை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். அவை நனைந்துவிட்டனவா என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஏ.சி. ஓடுகிற ஜீப்பில் பெட்டியை வைக்க விடமாட்டார். குளிர்ந்த கண்ணாடியை வெளியே எடுத்தால் அடுத்த நொடி பனி படர்ந்துவிடும். மழை நாட்களுக்கென்று அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: தேவை வந்தாலொழிய மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் உள்ளே போகும், உள்ளே போன ஈரம் பூசணமாகும் என்பார்.

ஆனால் ஜீப்பை விட்டு இறங்கமாட்டார். மற்றவர்கள் யானைக்குப் பக்கத்தில் போவார்கள், அக்கா துப்பாக்கியைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். 'டப்பாக்காரி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"டப்பாக்காரி அக்கா, ஆனை கூப்புடுது, வர்றியா?" என்பான் மாதேஷ்.

"நீயும் போவாதடா. அவங்க போவட்டும்."

"நான் போவாம யாரு போறது? காலடி பாத்துச் சொல்றதே நான்தானே."

அம்மா இறந்தபோது மாதேஷுக்கு விவரம் தெரியாத வயது. அக்காதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்தார். ஊத்தங்கரைக்கு வாக்கப்பட்டுப் போனபோதும் தம்பியைக் கூட்டிக்கொண்டே போனார். பிறகு கணவரை இங்கே கூட்டி வந்துவிட்டார். பயமே தெரியாமல் வளர்ந்த பிள்ளை. அக்கா இந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை, தம்பி போகிற ஜீப்பில் தானும் இருக்க வேண்டும் என்பதற்காக என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது.

அந்த ஐப்பசியில் ஒற்றைக் கொம்பன் ஒன்று கர்நாடகப் பக்கத்திலிருந்து இறங்கியது. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் யானை, ஒரு தந்தம் பாதியில் முறிந்தது. பகலில் தைல மரத் தோப்பில் நிற்கும், இருட்டினால் ராகிக் கொல்லையில் இறங்கும். விடிகாலையில் பால் சொசைட்டிக்குக் கேனோடு போன ஒருவரை வழியில் வைத்து அடித்துவிட்டது. கேன் தட்டையாகி வரப்பில் கிடந்ததை நான் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் மாறிப்போனது. நாய் குரைத்தால் பயம், குரைக்காமல் இருந்தால் அதைவிடப் பயம். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் யாரோ "ஆனெ பந்து!" என்று கன்னடத்தில் கத்த, பக்கத்து வீட்டில் அதையே தெலுங்கில் கத்த, எங்கள் வீட்டில் "ஆனை வந்துடுச்சு" என்று தமிழில் கத்த, தெருவே கதவைச் சாத்தியது. வந்தது டிராக்டர். யாரும் சிரிக்கவில்லை.

கொம்பனைப் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய்விட உத்தரவு வந்தது. கும்கி யானைகள் இரண்டு லாரியில் வந்து இறங்கின. டப்பாவுக்கு ஆள் தேடிய அந்த டாக்டர், கால்நடை மருத்துவர் சௌந்தரராஜன் வந்தார். நெல்லைப் பக்கத்துக்காரர், பேச்சு நிதானமாக இருக்கும். ஆனால் கொம்பன் வாகான இடத்தில் நிற்கவில்லை, மழையும் விடவில்லை. நாலைந்து நாள் அப்படியே போனது.

பிறகு ஒரு காலையில் அது எங்கள் சித்தப்பா வெங்கடப்பனின் ரோஜாப் பசுமைக்குடில்களுக்கு அப்பால், கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரை ஒட்டிய ராகிக் கொல்லையில் வந்து நின்றது. திறந்த வெளி. சுற்றி வீடு இல்லை. மழை தூறலாகக் குறைந்திருந்தது. எல்லோரும் சித்தப்பாவின் பூக்கட்டும் கொட்டகையில் கூடினார்கள். அக்காவை இறக்கிவிட்ட நானும் திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

அக்கா பெட்டியைத் திறந்தார். உறையைக் கழற்றினார். பின்மூடியைத் திறந்து பார்த்தார், சரியாக இருந்தது. முன்மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் நடுவில் வெளிறிய சிவப்புக் கறை. விளிம்பில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கறையைச் சுற்றிலும், பெருக்கிய வாசலில் விளக்குமாற்றுக் கீற்று தெரியுமே, அது மாதிரி மெல்லிய கோடுகள்.

"யார்றா இது பண்ணது?" என்றார் அக்கா.

மாதேஷ் தலையைச் சொறிந்தான்.

"நான்தான்க்கா. ஆயுத பூஜை அன்னிக்கு. நீ ஊத்தங்கரை போயிருந்த. ஜீப்பு லைட்டுக்கு ரெண்டுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன். இதுவும் கண்ணு மாதிரிதான இருக்குது... இத மட்டும் எப்படி சும்மா உடறது?"

"மூடி மேல வெக்க வேண்டியதுதானடா! மூடியில இருந்தத நான் பாத்தேனே, தொடச்சேனே!"

"மூடிக்கும் வெச்சேன். அது வேற."

"அப்பறம் எதால தொடச்ச?"

"துண்டாலதான். நல்லா அழுத்தித்தான் தொடச்சேன்."

"தோள்ல போட்டுகினு பொதரு பொதரா அலையறியே, அந்தத் துண்டா?"

அக்கா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். பூஜைக்கு மறுநாள் அவர் திரும்பி வந்ததிலிருந்து ஒரே மழை. மழையில் மூடியைத் திறக்கக் கூடாது என்ற தன் சட்டப்படி அவர் திறக்கவே இல்லை. கண்ணாடி கெடக் கூடாதென்று மூடி வைத்தார், கெட்டது அதற்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

டாக்டர் துப்பாக்கியை வாங்கி, கொட்டகையின் இருட்டு மூலையைக் குறி பார்த்தார். "நிழல்ல பாத்தா ஒண்ணும் வித்தியாசம் தெரியல. தெளிவாத்தான் இருக்கு." பிறகு வாசல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பினார். கண்ணை எடுத்துவிட்டார். "வெள்ளையடிச்ச சுவரு மாதிரில்லா இருக்கு. ஆனை இருந்தாலும் தெரியாது."

அவர் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, ஒரு சிட்டிகையைக் காற்றில் விட்டார். அது தென்மேற்காகப் பறந்தது. வடகிழக்குக் காற்று. யானையின் மூக்குக்கு மனித வாடை போகாமல் இருக்க வேண்டுமானால் தென்மேற்குப் பக்கமிருந்துதான் கிட்டே போக வேண்டும். அப்படிப் போனால் காலைச் சூரியன் எதிரே இருக்கும். மேகம் விலகினால் வெளிச்சம் நேராக அந்தக் கீறல்களில் விழும். வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனாலோ காற்று காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னொரு துப்பாக்கி?" என்று சித்தப்பா கேட்டார்.

"தளிப் பக்கம் இருக்கு. வந்து சேர மத்தியானம் ஆயிரும். அதுவரைக்கும் அது இங்கன நிக்குமா? தண்ணியக் கடந்துட்டுன்னா அந்தப் பக்கம் கம்பெனி, குடியிருப்பு."

அவர் மாதேஷைப் பார்த்தார். அக்கா அந்தப் பார்வையைப் பார்த்தார். திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊசி பட்டவுடன் யானை ஓடும். மருந்து ஏறி மயங்கும்போது தண்ணீரில் இருந்தால் மூழ்கிச் செத்துவிடும். அதனால் கொல்லைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் ஆள் வெடியோடு நின்று அதைத் திருப்ப வேண்டும். அந்த ஆள் மாதேஷ். ஊசி சரியாக இறங்கினால் அவனை நோக்கி வருவது தள்ளாடும் யானை. சரியாக இறங்காவிட்டால் வருவது பால்காரரை அடித்த யானை.

"சார், வேற ஆள அனுப்புங்க சார்," என்றார் அக்கா.

"வேற யாரும்மா இருக்கா? இந்தக் கரை, கால்வா, பள்ளம் எல்லாம் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

"நான் வெச்ச பொட்டு. நான்தான போவணும்?" மாதேஷ் சிரிக்கப் பார்த்தான். அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டிப் பக்கம் குனிந்துகொண்டார்.

அவர் துடைக்க ஆரம்பித்தார். முதலில் ரப்பர்ப் பந்தை அமுக்கிக் காற்றடித்தார். சந்தனத் துணுக்குகளை மெல்லிய தூரிகையால், தட்டாமல், ஒதுக்கினார். பிறகு கண்ணாடி துடைக்கும் திரவத்தை மெல்லிய தாளில் தொட்டு நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தார். தாள் ரோஜா நிறமானது. இன்னொரு தாள். அதுவும். மூன்றாவதில் நிறம் வரவில்லை. சிவப்புப் போய்விட்டது. கோடுகள் போகவில்லை, அவை கண்ணாடியின் மேல்பூச்சிலேயே விழுந்துவிட்டன. அக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சித்தப்பா ரோஜாக் கட்டுகளைச் சுற்றுகிற நெளி அட்டையை ஒரு துண்டு கிழித்துக் கொண்டுவந்தார். "இத முன்னால குழாய் மாதிரி சுத்திக் கட்டுங்க டாக்டர். வெயிலும் உழாது, தூறலும் உழாது."

டாக்டருக்கு அது சரியாகப் பட்டது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். "இருந்தாலும் கூட ஒரு ஆளு வேணும். தூறல் பட்டா ஒத்தி எடுக்கணும். வெயில் பட்டா மறைக்கணும். நான் குறியிலருந்து கண்ண எடுக்க முடியாது."

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணாடியைத் தொடத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான் இருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

"நான் வர்றேன் சார்," என்றார் அக்கா. டாக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

"ஏய், நீயா? பல்லிக்குக் கத்தறவ, ஆனைகிட்ட வந்து கத்துனா இன்னா ஆவறது?" என்றான் மாதேஷ். ஆனால் அவன் குரலில் கிண்டல் இல்லை.

கிளம்பும்போது அக்கா கண்ணாடி வளையல்களைக் கழற்ற வேண்டியிருந்தது, சத்தம் கேட்கும். கழற்றுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். ஒரு கைக்கு ஒன்றாவது விட்டுவைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டார். கூடாது என்றார் அவர். கழற்றி என் கையில் கொடுத்தார். வளையல்கள் ஈரமாக இருந்தன. மழையில் இல்லை, வேர்வையில்.

நான் கொட்டகைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏணி வழியாக ஏறிக்கொண்டேன். அங்கிருந்து கொல்லை முழுவதும் தெரிந்தது. நான் கண்டது கொஞ்சம். மீதி பிறகு அக்காவும் மாதேஷும் சொன்னது.

கொம்பன் ஆள் இடுப்பளவு ராகியில் நின்று கதிர்களை உருவித் தின்றுகொண்டிருந்தது. துதிக்கையால் ஒரு கொத்தைப் பிடுங்கி, வேர் மண்ணைக் காலில் அடித்து உதறும் சத்தம் தொட்டி வரை கேட்டது. மாதேஷ் வெகு தூரம் சுற்றி, தண்ணீர்ப் பக்கக் கரையில் போய்க் குந்தினான். டாக்டரும் அக்காவும் வரப்போரமாகக் குனிந்து நகர்ந்தார்கள். இரண்டு காவலர்கள் பின்னால்.

கிட்டே போகப்போக வாடை வந்தது என்றார் அக்கா. சாணமும் புளித்த தழையும் கலந்த வாடை. பிறகு வயிற்றுக்குள் இடி உருளுகிற மாதிரி ஒரு சத்தம். அது யானையின் வயிறா, தன் வயிறா என்று அவருக்குத் தெரியவில்லை. "திரும்பி ஓடணும்னு நெனச்சேன் பாப்பா. எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல, அதான் ஓடல."

டாக்டர் ஒரு புங்க மரத்தின் பக்கம் முழங்காலிட்டுத் துப்பாக்கியை உயர்த்தினார். அக்கா கண்ணாடிக்கு அருகில், மூச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். யானை பின்பக்கத்தைக் காட்டவில்லை. காத்திருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா அட்டைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கறுத்தது. ஓரம் மெத்தென்று ஆனது. பிறகு மெல்ல, தூங்கி விழுகிறவர் தலை போல, முன்னால் தொங்கிக் கண்ணாடியை மூடியது.

"தெரியல," என்றார் டாக்டர் உதடு அசையாமல்.

அக்கா அட்டையைக் கிழித்தெடுத்தார். ஈர அட்டை சத்தமில்லாமல் வந்துவிட்டது. ஒரு துளி கண்ணாடியில் விழுந்திருந்தது. தாளால் ஒத்தி எடுத்தார். தேய்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் மேகம் விலகியது. இத்தனை நாள் வராத வெயில் ராகிக் கொல்லை மேல் விழுந்தது. தொட்டி மேலிருந்த என் கண்ணே கூசியது. கொம்பனும் அப்போதுதான் திரும்பியது. பின்பக்கம் முழுவதும் தெரிந்தது.

"வெள்ளையா இருக்கு," என்றார் டாக்டர்.

அக்கா கையைக் கண்ணாடிக்கு மேலே நீட்டினார். உள்ளங்கையின் நிழல் குழலின் முனையில் விழுந்தது. நிழல் கிடுகிடுவென்று ஆடியது. வெயிலும் நிழலும் கண்ணாடியில் மாறி மாறி அடித்தன.

"கை ஆடுதும்மா."

வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து ஆடின. பிறகு உள்ளங்கையை அங்கேயே நீட்டியபடி, புங்க மரத்தில் முழங்கையை அழுத்திக்கொண்டார். பட்டை தோலைக் கிழித்தது. ஆட்டம் நின்றது. தண்ணீர்ப் பக்கக் கரையில் ஒரு காக்கிப் புள்ளி அவருக்குத் தெரிந்தது. அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். 'குனிடா, குனிடா' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

சோடா பாட்டில் திறக்கிற அளவுதான் சத்தம். கொம்பனின் தொடைக்கு மேலே ஊசியின் வாலிலிருந்த சிவப்புக் குஞ்சம் தெரிந்தது.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அது பிளிறியது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. தகரத் தொட்டி என் காலடியில் அதிர்ந்தது. கொம்பன் ஓடியது. எல்லோரும் பயந்தபடியே தண்ணீர்ப் பக்கம். கரையில் மாதேஷ் எழுந்து நின்றான். வெடியைப் பற்றவைத்து எறிந்தான். புகை வந்தது, வெடிக்கவில்லை. இன்னொன்று. அதுவும் வெடிக்கவில்லை. எத்தனை பிளாஸ்டிக் பையில் சுற்றினாலும் அத்தனை நாள் மழை திரிக்குள் போயிருந்தது. மூன்றாவது வெடித்தது. கொம்பன் வளைந்து திரும்பியது. ஆனால் மாதேஷ் நின்ற இடத்தை நோக்கியே திரும்பியது. கரைக்கு அந்தப் பக்கம் யானையும் அவனும் மறைந்துவிட்டார்கள். அப்புறம் அங்கே எதுவும் அசையவில்லை, எந்தச் சத்தமும் இல்லை.

வாக்கிடாக்கியில் டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். "மாதேஷ்... மாதேஷ்..." இரைச்சல் மட்டும் வந்தது.

"ஊசி நல்லா எறங்கிருக்கும்மா. நான் பாத்தேன். மருந்து ஏற நேரம் ஆவும். இப்ப போனா கெட்டுரும்," என்றார் அவர். அக்காவின் கை இன்னும் மரத்தில் அழுந்தியபடி, துப்பாக்கி இல்லாத இடத்துக்கு மேலே நீண்டிருந்தது. டாக்டர் அதைப் பிடித்து இறக்கிவிட்டார்.

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். சித்தப்பா கொட்டகைக்குள் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். கும்கிப் பாகன்கள் பீடியைக் கூடப் பற்றவைக்காமல் நின்றார்கள். அந்த நேரம் எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

டாக்டர் எழுந்து கரைப் பக்கம் அடிமேல் அடி வைத்துப் போனார். இருங்கள் என்று சொல்லியும் அக்கா பின்னாலேயே போனார். கரை மேட்டில் ஏறி இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

கொம்பன் நின்றுகொண்டிருந்தது. பாசனக் கால்வாயின் மேட்டில், காது விசிறாமல், துதிக்கையைத் தரையில் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டு. குறட்டை விட்டது. மாதேஷ் எங்கும் இல்லை. அவன் துண்டு மட்டும் யானையின் முன்காலுக்கு அடியில் மண்ணோடு அரைபட்டுக் கிடந்தது.

அக்கா கரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அந்தத் துண்டையே பார்த்தார்.

அப்போது கால்வாய்க்கு அடியில் போகிற சிமெண்டுக் குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல், மிகச் சன்னமாக: "அக்கா... இது தூங்குதா, தூங்கற மாதிரி நடிக்குதா?"

"கதலொத்துரா!" என்றார் அக்கா. அசையாதே என்று தெலுங்கில். வீட்டில் பேசுகிற பாஷை. அம்மா இருந்தபோது அவனிடம் பேசியது. "கதலொத்து, கதலொத்து..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குழாய் வாயிலிருந்து யானையின் கால் ஒரு கை நீட்டும் தூரம்கூட இல்லை. உள்ளே அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். வாக்கிடாக்கி எங்கோ விழுந்திருந்தது. கும்கிகள் வந்து இரண்டு பக்கமும் அணைத்து, கயிறு போட்டு, கொம்பனின் கண்ணைத் துணியால் மூடிய பிறகுதான் அவனை இழுத்தெடுத்தார்கள்.

அவன் பேச முயன்றான், பல் அடித்துக்கொண்டது. அக்கா கன்னத்தில் ஒன்று வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு அவன் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றார். காவலர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கொம்பனை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா டாக்டரிடம் போனார்.

"சார், இனிமே இவன் ஜீப்புல இருக்கட்டும். டப்பாவ இவன் பாத்துக்கட்டும். முன்னால நான் வர்றேன்."

"ஒங்களுக்குத்தான் பயமாச்சேம்மா."

"பயம்தான் சார். இவனுக்கு இல்ல, அதான் சொல்றேன்."

"ஏய், இன்னாக்கா நீ..." என்று மாதேஷ் எழுந்தான். அக்கா திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் டீயைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தார். கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

ஸ்கோப்புக்கு இப்போது புதுக் கண்ணாடி வந்துவிட்டது. மாதேஷ் அதை மழையானாலும் வெயிலானாலும் தினமும் திறந்து பார்த்து மூடுகிறான். துண்டைத் தோளில் போடுவதை விட்டுவிட்டான். அக்கா டாக்டரோடு நடக்கிறார். பயம் போய்விட்டதா என்று நான் ஒரு முறை கேட்டேன். "எங்க போவும்?" என்றார். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் ஜீப்புக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறார். வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, வளையல்களைக் கழற்றிக்கொண்டு போகிறார்.

போன வாரம் அவரை இறக்கிவிடப் போனபோது ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். மடியில் டப்பாவோடு மாதேஷ் உட்கார்ந்திருந்தான். அக்கா போன திசையில், ராகிக் கதிர்கள் அசைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.